மழையில் வெளுத்த மேசை

எனக்கு எழுபத்தி நாலு வயது. தெல்தெனிய தளபாடக் கடையில் பொலிஷ் போட்டே ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன்.

மறுநாள் பேத்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று, மகன் மழையோடு மழையாகத் தேக்கு மேசைக்கு அரக்குப் பொலிஷ் போட்டுவிட்டான். காய்ந்ததும் மேசை பால் கொட்டியதுபோல் வெளுத்தது.

“விரிப்பு போட்டு மூடிருவோம்மா.”

“மூடுறதுக்கு அது என்னடா குத்தம் செஞ்சிச்சு? ஈரம் உள்ள மாட்டிக்கிச்சு, அவ்வளவுதான். நான் எடுக்கிறேன்.”

“ஒங்க கை நடுங்குதே!”

காலையில் வெயில் வந்தது. துணியைக் கொஞ்சம் ஸ்பிரிட்டில் நனைத்து, எங்கும் நிற்காமல் மெல்லத் தடவினேன். நின்றால் பொலிஷே கரைந்துவிடும். கை நடுங்கவில்லை. வெள்ளை விலகி மேசை மின்னியது.

“புது மேசையா?” என்றார் மாப்பிள்ளையின் தாய்.

“என் கல்யாணத்து மேசை!” என்றேன்.

எழுத்துப் பழகாத கைதான். அன்று வீட்டு மானத்தைக் காத்ததும் இதுதான்.

எங்கே கண்ணு, பாட்டி சொல்லச் சொல்ல நீ எழுதினதை வாசி, கேட்போம்.