நல்ல கண்ணுக்கு எதற்கு மருந்து

அரைத்து முடித்த லென்ஸை அவர் முதலில் கண்ணால் பார்ப்பதில்லை. அதன் ஓரத்தைக் கீழுதட்டில் வைத்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுகிறார். விரலுக்குத் தெரியாத பிசிறு உதட்டுக்குத் தெரியும் என்பது அவர் கட்சி. பிசிறு இருந்தால் மறுபடியும் சக்கரத்தில் வைப்பார். இல்லாவிட்டால் திட்டத் தொடங்குவார், லென்ஸைத்தான். "வந்துட்டியா? அரைப் பரீட்சைக்குத்தானே இதே புள்ளைக்கு உன் தம்பியை அனுப்பி வச்சேன். அதுக்குள்ள நீயா? அதுவும் இவ்ளோ குண்டா?"

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்கம், கட்டில் போடக்கூட இடம் போதாத அறையில் இருபத்திரண்டு வருடமாக லென்ஸ் அரைக்கிறார். எல்லோருக்கும் அவர் 'சாணை'. சமாதானம் பேச வேண்டிய நேரத்தில் மட்டும் முதலாளிக்கு 'சாணை அண்ணே'. சக்கரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருப்பதால் விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியிருக்கும். முன்கையில் வெள்ளைச் சேறு காய்ந்து உதிரும்.

பெரியவர்களின் லென்ஸைப் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயமும் கிடையாது. குழந்தைகளுடையதுதான் அவரைக் கொதிக்க வைக்கிறது. கிட்டப்பார்வைக்கான லென்ஸில் பவர் கூடக் கூட ஓரம் தடிக்கும். "உங்களுக்கெல்லாம் அது நம்பர். எனக்குக் கனம். வருஷா வருஷம் அதே புள்ளைக்கு நான்தானே அரைக்கிறேன், கைக்குத் தெரியாதா?"

குழந்தைகளின் பவர் ஏறும் வேகத்தைக் குறைக்க ஒரு சொட்டு மருந்து உண்டு, தகுந்த பிள்ளைகளுக்கு டாக்டர் எழுதித் தருவார் என்பது, கடைக்கு வந்த ஒரு தாய் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. தெரிந்த அன்று அவர் மகிழவில்லை. "இத்தனை நாளா ஒருத்தரும் வாயைத் திறக்கலையே!" என்று அன்று முழுக்கக் கத்திக்கொண்டிருந்தாராம். அதிலிருந்து குழந்தையோடு யார் வந்தாலும் ஈரக்கையோடு வெளியே வந்துவிடுவார். "சொட்டு மருந்து பத்தி டாக்டர்கிட்ட கேட்டீங்களா? பிரேக் மாதிரிங்க அது. வண்டி பின்னாடி வராது, ஆனா பள்ளத்துல பறக்காது. எல்லாருக்கும் ஒத்து வருமான்னு எனக்குத் தெரியாது. கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

முதலாளிக்கு இது பிடிக்காது. "பவர் ஏறாட்டி நீ என்னத்தய்யா அரைப்பே? மிளகாயா?"

"வயசாகாதவன் எவன் இருக்கான்? வயசானவங்க கண்ணு போதும் நமக்கு."

நான் பட்டம் முடித்துவிட்டு, வேறு வேலை கிடைக்கும்வரை என்று இந்தக் கடையின் கவுண்டருக்கு வந்தவள். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனதும் முதலில் கண்ணாடி போட்டதும் நான்தான். அம்மா இரண்டையும் ஒரே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். படிக்கிற பிள்ளைக்குக் கண்ணாடி வந்தால் அதுவும் படிப்பின் அடையாளம் என்றுதான் நானும் நினைத்தேன். இப்போது என் பவர் எட்டரை. சாணையின் கோபம் என்னையும் தொற்றிக்கொண்டதா, அல்லது எனக்குள்ளேயே இருந்ததை அவர் கிளறிவிட்டாரா என்று தெரியவில்லை.

போன வாரம் ஒருவர் ஒன்பது வயது மகளோடு வந்தார். கடையின் இயந்திரத்திலேயே பவர் பார்த்தார்கள். வலது மூன்றேகால், இடது மூன்றேகால். போன வருட எண்களுக்குக் கீழே நான் அட்டையில் எழுதினேன். "பார்த்தீங்களா, ரெண்டு கண்ணும் சமமாயிடுச்சு" என்றார் முதலாளி. சிறுமியின் அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன்.

கண்பாப்பாவுக்கு நேராக லென்ஸில் புள்ளி வைக்கச் சாணை வந்தார். "பாப்பா, மாமா மூக்கைப் பாரு. கோணலாத்தான் இருக்கும், பொறுத்துக்க." அவள் களுக்கென்று சிரித்தாள். அவர் பேனா நின்றுவிட்டது. அவளை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். வலது கண்பாப்பா இடதைவிடப் பெரிதாக விரிந்திருந்தது. அந்தச் சொட்டு மருந்து கண்பாப்பாவைக் கொஞ்சம் விரிக்கும். அட்டையைப் பிடுங்கிப் பார்த்தார். போன வருடம் வலது மூன்று, இடது இரண்டேகால்.

"சொட்டு மருந்து விடுறீங்களா?"

"ஒரு நாள் தவறினதில்லைங்க."

"எந்தக் கண்ணுல?"

"வலதுலதான். அதுதானே மோசமான கண்ணு? நல்ல கண்ணுல மருந்தை ஊத்தி அதையும் கெடுப்பானேன்?"

மருந்துச் சீட்டு அவர் பையிலேயே இருந்தது. நாலாய் மடித்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. இரண்டு கண்ணுக்கும் என்றுதான் எழுதியிருந்தது. ஆறு மாதத்தில் வரவும் என்றும் இருந்தது. "மருந்துதான் விடுறோமே, எதுக்குப் போகணும்னு..." என்று இழுத்தார். மருந்துக்கடையில் அந்தப் பழைய சீட்டைக் காட்டியே வாங்கி வந்திருக்கிறார்.

"மருந்து விட்ட கண்ணு கால் ஏறியிருக்கு. விடாத கண்ணு ஒண்ணு ஏறியிருக்கு. நல்ல கண்ணுன்னு பொத்திப் பொத்தி வச்சீங்களே, அதைத்தான் ஓட விட்டிருக்கீங்க!"

"சாணை அண்ணே..." என்றார் முதலாளி.

"நீங்க லென்ஸ் அரைக்கிற ஆளுதானே?" அப்பாவுக்கும் சூடு ஏறிவிட்டது. "என் புள்ளைக்கு நான் கெடுதல் பண்ணுவேனா?"

"அரைக்கிற ஆளுதான். அதான் கேக்குறேன். இந்தப் புள்ளைக்கு இன்னும் எவ்ளோ தடியா அரைக்கச் சொல்றீங்க?" பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, படிச்ச பொண்ணுதானே நீ? உன் கையாலதானே எழுதின? ஒரு கண்ணு மட்டும் இப்படி ஏறியிருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?"

தோன்றவில்லை. அந்த அப்பா மீது கோபப்பட எனக்கு ஆசைதான். ஆனால் அவர் பயந்துகொண்டே ஒரு நாள் விடாமல் மருந்து விட்டவர். எனக்கு என்ன சாக்கு? எழுதக் கற்றுக்கொண்ட அளவுக்கு எழுதியதைப் பார்க்கக் கற்றுக்கொள்ளவில்லை.

அரைக்க மாட்டேன் என்று சாணை சொல்லிவிடுவார் என்று பயந்தேன். மறுநாள் அவள் கரும்பலகையைப் படிக்க வேண்டுமே. அவர் லென்ஸோடு உள்ளே போய்விட்டார். அரை மணி நேரம் சக்கரம் அலறியது. திட்டும் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

கண்ணாடியை அவரே மாட்டிவிட்டார். காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா என்று நாலு முறை கேட்டார். எதிர்வரிசைக் கடையின் பெயர்ப்பலகையை அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "சரிங்க, நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்று அப்பா எழுந்தார்.

"நாளைக்கு எந்திரிச்சதும் வேற வேலை வரும். இப்பக் கேளுங்க."

கவுண்டரில் இருந்த அப்பாவின் போனைச் சாணை எடுத்தார். யாரும் கேட்காமலே நான் சீட்டைப் பிரித்து ஆஸ்பத்திரி நம்பரைப் படித்தேன். ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். மணி அடிக்கத் தொடங்கியதும் போனை அப்பாவின் காதில் வைத்து, கையை எடுக்காமல், மறுமுனையில் ஆள் பேசும்வரை பிடித்துக்கொண்டே நின்றார்.