தங்கச்சி வீட்டுக்காரரின் இங்கிலீசு

என் தங்கச்சி வீட்டுக்காரர் வங்காளதேசத்துக்காரர். குவைத்தில் துப்புரவு வேலை செய்த இடத்தில் இருவரும் பழகி, கல்யாணம் செய்துகொண்டார்கள். மகளுக்கு இரண்டு வயது நடந்தபோது தங்கச்சி காய்ச்சலில் இறந்துவிட்டாள். எல்லாம் அங்கேயே முடிந்தது. இலங்கையில் பலாங்கொடைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அவளுடைய உடம்பும் வரவில்லை, சாம்பலும் வரவில்லை. அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் ஊருக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் போன் எடுப்பார். எனக்கு வங்காளம் தெரியாது. அவருக்குத் தமிழில் ‘அக்கா’, ‘சாப்பிட்டீங்களா’ இரண்டும்தான் தெரியும். தங்கச்சி கற்றுக்கொடுத்தது. ஆகவே இங்கிலீசு. நான் பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை வரை படித்தவள், இங்கிலீசில் பெயில். தமிழிலேயே நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குள் சிக்னல் கிடைக்காது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் வாளியைப் பைப்படியில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

“அக்கா, பேபி குட். ஹி ஈட் ஹாட் ஹாட் ரைஸ்” என்பார் அவர்.

“அய்யய்யோ, ஒங்க மாப்ள மறுபடியும் புள்ளய ஆம்பளயாக்கிட்டாருடி!” என்று பக்கத்து வீட்டு அக்கா சிரிப்பார். ஏ.எல். படிக்கும் அவருடைய மகள், “‘ஷி’ன்னு சொல்லணும் ஆன்ட்டி. ‘இஸ்’ஸயும் முழுங்கிடுறாரு. எங்க டீச்சர் கேட்டாங்கன்னா வெளிய நிப்பாட்டிருவாங்க” என்பாள்.

பிறகுதான் தெரிந்தது, வங்காளத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல்தானாம். ‘இஸ்’ போடாமல் ‘திஸ் மை ஹவுஸ்’ என்று அவர் வீட்டைக் காட்டும்போது எனக்கு அது தப்பாகவே தோன்றாது. நாமும் ‘இது என் வீடு’ என்றுதானே சொல்கிறோம். ‘ஹாட் ஹாட்’ என்றால் சுடச்சுட. இதெல்லாம் எனக்கு விளங்கியது. தங்கச்சியைப் பற்றிப் பேசும்போதும் அப்படித்தான். “ஹி சிங். ஹி லாஃப் டூ மச்” என்பார். நடந்து முடிந்ததைச் சொல்ல அவருக்கு வேறு மாதிரி வராது. அந்தத் தப்பைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

பிள்ளைக்கு நாலு வயது முடியப்போன சமயம், எங்கள் மாரியம்மன் திருவிழாவுக்கு அவளைக் கொண்டுவந்து காது குத்த வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை வந்தது. எங்கள் ஆட்களிடம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். தங்கச்சிக்கும் அப்படித்தான் நடந்தது. அவளுடையது என்று இந்த மண்ணுக்கு வர மிச்சமிருந்தது அந்தப் பிள்ளை ஒன்றுதான். ஒரு தடவை தூக்கிப் பார்த்தால் போதும் என்றிருந்தது.

சொல்ல வேண்டியதை நாலைந்து நாள் கொழுந்து பறிக்கும்போது வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை சொன்னேன்.

“பேபி இயர் ஹோல் மஸ்ட் டூ. பிஃபோர் ஃபைவ் இயர்ஸ். அவர் கஸ்டம். யூ கம், டெம்பிள் ஃபெஸ்டிவல்.”

“ஓகே அக்கா. மஸ்ட் டூ. ஐ ட்ரை டிக்கெட்.”

தாய்மாமன் மடி என்பதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மடிக்கு இங்கிலீசில் ‘லேப்’ என்று பிறகு பக்கத்து வீட்டு அக்காவின் மகள்தான் சொன்னாள். அந்தச் சொல்லை அன்றைக்குச் சொல்லியிருந்தாலும், மாமன் மடியில் உட்காராமல் குத்திய காதை எங்கள் வீட்டில் கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்பதை எந்த வார்த்தையால் விளக்கியிருப்பேன்?

பெல்மதுளையில் டயர் கடையில் வேலை செய்யும் என் தம்பிதான் மாமன். அவனுடைய முதலாளி சிங்களவர், தம்பி என்பதற்கு ‘மல்லி’ என்றுதான் கூப்பிடுவார். “மொதலாளிகிட்ட லீவு சொல்லிட்டேங்க்கா. ‘அய் மல்லி, என்ன விசேஷம்’னாரு. மருமகளுக்குக் காது குத்துன்னேன். அவரும் வாரேன்னு நிக்கிறாரு” என்றான். எப்போதும் கட்டும் சாரத்தில் உட்காரவைத்தால் பிள்ளை வழுக்கும் என்று வேட்டி வாங்கி வைத்திருந்தான். பக்கத்து வீட்டு அக்காகூட, “வரட்டும், வரட்டும், ஹியா ஷியான்னு நானே பாத்துச் சொல்றேன்” என்று கேலி செய்தார்.

திருவிழாவுக்குக் கொடி கட்டிய வாரம் வீடியோ கால் வந்தது. அவர் முகமெல்லாம் சிரிப்பு.

“அக்கா! யூ சே, ஐ டூ. இயர் ஹோல் ஃபினிஷ்!”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவர் பேசியதில் வேறு எத்தனையோ விளங்காமல் போயிருக்கிறது. இது விளங்காமல் போகக் கூடாதா என்று நினைத்தேன்.

“ஹூ டூ?” என்று கேட்டேன்.

“மை பிரதர் வைஃப். கோல்ட் ஷாப் கோ. ஹி க்ரை லிட்டில் லிட்டில். நவ் டிக்கெட் நோ நீட், அக்கா. யூ நோ டென்ஷன்.”

பயணத்துக்கு அவர் எவ்வளவு அலைந்தார், லீவு கிடைக்காமல் எப்படித் தவித்தார் என்று எனக்குத் தெரியும். அக்கா சொன்னதைத் தவணை தப்பாமல் செய்து முடித்த சந்தோஷம் அவருக்கு. “வெரி குட்” என்றேன்.

அன்றைக்கே தம்பிக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

“அப்ப வர மாட்டாங்களா?”

“அடுத்த வருசம் பாக்கலாம்னாரு.”

“காதும் குத்தியாச்சு. இனி என்னத்துக்குக்கா வரப்போறாங்க?” என்றான். பிறகு, “சரி விடு. அந்த மனுசனும் நல்லது நெனச்சித்தான் செஞ்சாரு” என்றான். திருவிழாவன்று அவன் வேலைக்குப் போய்விட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளை தானே போனைப் பிடித்துக்கொண்டு, எனக்குக் காட்டுவதற்காகக் காதைக் கொண்டுவந்து கேமராவோடு ஒட்டிவைத்தாள். திரை முழுக்க அந்தக் காது மட்டும்தான். துளையைச் சுற்றிச் சிவந்து, கொஞ்சம் வீங்கியிருந்தது. தங்கச்சி காது மாதிரியே கீழ்மடல் சின்னது.

“அக்கா, யூ ஹாப்பி?” என்று பின்னாலிருந்து அவர் கேட்டார்.

“ஹாப்பி” என்றேன். “கோகனட் ஆயில் புட். டர்மரிக் மிக்ஸ். மார்னிங், ஈவினிங்.”

“ஓகே அக்கா. ஐ புட்.”

“ஸ்லோலி ஸ்லோலி புட்” என்றேன். “ஹி பெயின்.”