கூட்டுப்பண்ணைத் தில்லையம்பலம்

தில்லையம்பலம் கமலாம்பிகைக்குக் கடன்காரன். வெங்காயத் தோட்டத்துக்காக அவள் அடகு வைத்து, திரும்பாமலே போன சங்கிலிதான் கடன்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆனால் அவரைப்போல வாசித்தவன் அந்தக் காலத்து இணுவில் ஊரில் எவன்? மாஸ்கோவில் தமிழில் அச்சடித்த புத்தகங்கள் தேநீர் விலைக்குக் கிடைத்தன. சிவப்பு உழவு இயந்திரம், கதிர்க்கட்டோடு சிரிக்கும் பெண்கள். கூட்டுப்பண்ணையில் சேர மறுக்கும் பணக்கார விவசாயி பாதிக் கதையில் காணாமல் போவான். எங்கே போனான் என்று எவரும் எழுதவில்லை. அந்த வழுவழுத்த தாளின் மணத்தை நினைத்தால் இன்றும் அவருக்கு நெஞ்சு நிறையும்.

வாசித்ததோடு நிற்கிற ஆளா அவர்? கமலாம்பிகையையும் வேறு இருவரையும் சேர்த்து, வரம்புகளை வெட்டி, நாலு தோட்டத்தையும் ஒன்றாக்கினார். பொதுக்கிணற்றில் ஆளுக்கொரு நாள் என்று பரம்பரையாக இருந்த இறைப்பு முறையையும் ஒழித்தார். எல்லாம் பொது என்றால் முறை எதற்கு? மற்றவர் இறைப்பார் என்று நால்வரும் இருக்க, வெங்காயம் கருகியது. நால்வருக்குமாக அடகு போன கமலாம்பிகையின் சங்கிலியும் அதோடு போனது.

பிறகு கனடா. உணவகத்தில் கோப்பை கழுவினார், வீடுகளுக்குக் கூரை போட்டார், சொந்தக் கொம்பனி, அஜக்ஸ் நகரில் மாடி வீடு. இந்தக் கடனோடு செத்தால் உழைத்து எழும்பியவன் என்ற பேச்சுக்கு என்ன மதிப்பு? கமலாம்பிகையும் இப்போது கனடாவில்தான். காசு உறையோடு ரெக்ஸ்டேலில் அவளுடைய வீட்டுக் கதவைத் தட்டினார்.

“நாலாயிரம் டொலர். முழுச் சங்கிலிக்கும், வட்டியோட. பிடியும் கமலம்.”

“தலைவர் இன்னும் தலைவர்தான்!” என்று சிரித்தாள். “என்னோட பக்டரியில வேலைக்கு நிண்ட உக்ரேன்காரி சொன்னவள், அவளின்ர தாத்தாட்டை மாட்டையும் விதையையும் பறிச்சுத்தானாம் அங்க கூட்டுப்பண்ணை போட்டவங்கள். பிறகு ஊரே பட்டினியாம்.”

“புத்தகத்தில அது இல்லையே.”

“பொம்பிளையள் சிரிச்ச படம்தானே இருந்தது. அதைப் பாத்துத்தானே நானும் சங்கிலியைக் கழட்டினனான்! வடிவான படமண்ணை.”

“ஓம். நல்ல வடிவு.”

உறையை அவள் தொடவில்லை.

“ஏன், என்ர காசு கூடாதோ?”

“நாலு பேரின்ர நட்டம். முழுக்க நீங்கள் தந்தால் நாங்கள் உங்கட கூலியாக்களோ? உங்கட பங்கை மட்டும் தாங்கோ.”

வாழ்க்கையில் எவரும் அவரிடம் குறைத்துக் கேட்டதில்லை. முகம் கறுத்தது. எழுந்து கதவுவரை போனார். வெளியே போகக் கால் வரவில்லை.

திரும்பி வந்து உறையைப் பிரித்தார். மூவாயிரத்தைச் சட்டைப்பைக்குள் திணித்தார். அவள் கையை விரித்தாள். தில்லையம்பலம் நூறு டொலர்த் தாள்களை ஒவ்வொன்றாக அதில் எண்ணி வைத்தார்.