முளை அடித்த இடம்

அன்றைக்குத் தப்பு நடக்கும் என்று என் அப்பாவுக்குத் தெரியும். எப்படி நடக்கும் என்பதும் தெரியும். அதனால்தான் அவர் பயப்படவில்லை.

ஜெர்மன் சண்டைக்குக் கொஞ்சம் முந்திய ஒரு பங்குனி. வெள்ளைக்காரர் ஒருவர் புகைக்கூண்டில் ஆகாயத்துக்கு ஏறி, அங்கிருந்து துணிக்குடையைப் பிடித்துக் குதிக்கப் போவதாகத் திருநெல்வேலி முழுக்கத் தமுக்கு அடித்தார்கள். வீட்டைவிடப் பெரிய துணிப்பையை இரண்டு கம்பங்களுக்கு நடுவே தொங்கவிட்டு, அடியில் குழி வெட்டித் தீ மூட்டுவார்கள். புகை நிரம்பும்வரை இரண்டு பக்கமும் ஆட்கள் கயிறு பிடிக்க வேண்டும். அவர் சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் விட வேண்டும். ஆற்று மணலில் ஏற்பாடாகியிருந்தது.

அப்பா ஆனித் தேருக்குச் சறுக்குக்கட்டை போடுகிறவர். உருண்டு வருகிற சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகித் தேரை நிறுத்துகிற வேலை. ஆகவே கூட்டத்தை எங்கே நிறுத்துவது என்பதையும் அவரிடமே விட்டிருந்தார்கள். கயிறு பிடிக்க ஆள் தந்ததும் அவர்தான். எல்லோரும் தேர் இழுக்கிறவர்கள்.

காலையில் என்னையும் மணலுக்குக் கூட்டிப்போனார். எனக்கு ஆறு வயது. கம்பத்திலிருந்து அடி எண்ணி நடந்து, ஓரிடத்தில் என்னை உட்காரவைத்தார். கம்பத்தின் உச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எந்திரி" என்று இன்னும் பின்னால் கொண்டுபோனார். அங்கேயும் அதே பார்வை, அதே "எந்திரி". நல்ல இடம் கைவிட்டுப் போகிறதே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்றாவது இடத்தில்தான் என் பக்கத்தில் முளை அடித்து, எல்லைக் கயிற்றைக் கட்டினார்.

காட்சியை ஏற்பாடு செய்த வியாபாரிக்கு முகம் சுண்டிவிட்டது.

"இம்புட்டுத் தள்ளிப் போட்டா என்ன தெரியும், அண்ணாச்சி?"

"மேல போனா அங்க ஏரல் ஊர்ல இருந்துகூடத் தெரியும்வே. கீழ கெடக்கையில பாத்து என்ன செய்யப் போறீரு?"

"பிடிக்கவன் எல்லாம் உங்க ஆளுதான? பெறவு என்ன பயம்?"

"அதான் பயம். நம்ம பயலுவ பிடிச்சா விடமாட்டானுவ."

சாயங்காலம் ஊரே திரண்டது. அம்மா பெண்களோடு கரையில், மருதமரத்தடியில். நான் முளைக்குப் பக்கத்தில், முன்வரிசையில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். கட்டை போடுகிறவர் மகளே அங்கே இருக்கிறாள் என்றுதான் பலரும் துணிந்து கயிற்றோரம் வந்தார்கள்.

பை உப்பி நின்றது. வெள்ளைக்காரர் கத்தினார், அப்பாவும் "விடுங்கலே" என்று கத்தினார். ஒரு பக்கத்தார் விட்டார்கள். மறுபக்கத்தாருக்கு, தேர் நிலை சேராமல் வடத்தை விட்டுப் பழக்கமில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். பை ஒருபக்கம் சாய்ந்து, கம்பத்தை இடித்து, அப்புறம்தான் அவர்கள் கையைப் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. இடிபட்ட கம்பம் எங்களை நோக்கி விழுந்தது.

முகமெல்லாம் மணல். கண்ணைத் துடைத்துப் பார்த்தேன். கம்பத்தின் நுனி கயிற்றுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. ஒருவருக்கும் கீறல் இல்லை. வெள்ளைக்காரர் குடையோடு வயலில் இறங்கியதை ஊரே பார்த்தது. அப்பா மட்டும் பார்க்கவில்லை. கம்பத்தின் நுனியிலிருந்து என் கால்வரை அடி வைத்து அளந்துகொண்டிருந்தார். நாலு அடி இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டார்.

அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. முன்வரிசை கிடைக்காத கோபம் என்று நினைத்தேன். நாலாம் நாள் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்:

"உங்க கணக்குத் தப்பியிருந்தா?"

"தப்பிரக் கூடாதுன்னுதான் அவள அங்கன வச்சேன்" என்றார் அப்பா.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அவ்வளவு பெரிய காரியத்தில் எனக்கும் ஒரு பங்கு இருந்திருக்கிறது. அம்மா ஏன் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு, என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள் என்பதுதான் விளங்கவில்லை.