மடியில் தூங்கிய மகளோடு ஒரு இன்டர்வியூ

வீட்டில் அவளுக்கு மேகம் என்று பேர். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நிற்பாள் என்று கணவன் வைத்த பேர் அது. குழந்தை பிறந்ததும் மென்பொருள் எழுதும் வேலையை விட்டிருந்தாள். மகள் ஓடியாடத் தொடங்கியதும் ஒரு பெரிய கம்பெனிக்கு விண்ணப்பித்தாள். முதல் சுற்றுகளில் எப்படியோ தேறிவிட்டாள். கடைசிச் சுற்று வீடியோவில், ஒரு மத்தியானம்.

"நீங்க நிம்மதியா போங்க அண்ணி, இவளை நான் பாத்துக்கறேன்" என்று நாத்தனார் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

திரையில் நரைத்த தாடிக்காரர் ஒருவர். சிரிப்பே தெரியாத முகம்.

"ஆன்லைன் டிக்கெட் புக்கிங்ல ஒரே சீட்டை ஆயிரம் பேர் ஒண்ணா கேக்கறாங்க. ரெண்டு பேருக்குப் போயிடாம எப்படித் தடுப்பீங்க?"

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. தெரிந்த விஷயம்தான், எங்கே தொடங்குவது என்று தேடினாள். அப்போது கதவு திறந்தது. மகள் தலையணையை இழுத்துக்கொண்டு வந்தாள். நேராக மடியில் ஏறி, கழுத்தில் முகம் புதைத்துத் தூங்கிப்போனாள்.

"சாரி சார், என் பொண்ணு. உள்ள விட்டுட்டு வந்துடறேன்..."

தாடிக்காரர் உதட்டில் விரல் வைத்தார். "எழுப்பாதீங்க. மெதுவாவே பேசுவோம்."

அதன்பிறகு இருவரும் கிசுகிசுத்தார்கள். குரல் தணிந்ததும் பயமும் தணிந்தது. ஜன்னல் திரைச்சீலை எழுந்து எழுந்து அடங்கியது. கழுத்தில் குழந்தையின் மூச்சு வெதுவெதுப்பாகப் பட்டது. தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது அவளுக்கு.

"முதல்ல கேட்டவருக்கு சீட்டைக் கொஞ்ச நேரம் பூட்டி வெச்சுடலாம். பணம் கட்டலைன்னா பூட்டு தானா திறந்துக்கும்."

"திறந்து, வேற ஒருத்தருக்குப் போனப்புறம் பழைய ஆள் பணம் வந்தா?"

ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவசரப்படுத்தவில்லை.

"ஒவ்வொரு தடவை பூட்டறப்பவும் புது நம்பர் குடுக்கணும். பழைய நம்பரோட வர்ற பணத்தைத் திருப்பி அனுப்பிடணும்."

தாடிக்காரர் தலையாட்டினார். பிறகு பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். "சாரி. உங்க பொண்ணைப் பாத்து எனக்கும் வருது."

இன்டர்வியூ முடிந்து கதவைத் திறந்தால், வெளியே நாத்தனார் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "கண்ணசந்துட்டேன் அண்ணி. என்னால போச்சா?"

"தெரியல. என்ன பேசினேன்னே தெரியல."

வேலை கிடைத்தது. எல்லா நடைபாதையும் ஒன்றுபோலவே இருக்கும் கட்டடம். முதல் வாரம் தன் மேஜையைத் தேடியே சுற்றினாள். போனில் அலாரம் அடிக்கும் பகுதியைச் செய்யும் குழுவில் போட்டார்கள்.

"உன்னையா? ஊரை எழுப்பவா?" கணவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அவள் முதலில் செய்தது, எடுத்த எடுப்பிலேயே அலறாத ஒரு அலார மணி. எங்கோ தூரத்தில் தொடங்கி, மழை நெருங்கி வருவதுபோல மெல்ல மெல்லக் கிட்டே வரும்.

சில மாதம் கழித்து ஒரு காலை, நெரிசலான பஸ்ஸில் அதைக் கேட்டாள். ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த நர்ஸ் ஒருத்தியின் பைக்குள்ளிருந்து வந்தது. நர்ஸ் திடுக்கிடவில்லை. மெதுவாகக் கண் திறந்து, வெளியே பார்த்து, தன் நிறுத்தத்தில் இறங்கிப் போனாள்.

யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. பக்கத்தில் நின்றவரிடம், "அந்த மணி நான் செஞ்சது" என்றாள்.

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.