சாம்பார் வாளியை மறைக்கும் லென்ஸ்

திண்டிவனத்துப் பெரியநாயகம் எடுத்த கல்யாண வீடியோக்களில் சாம்பார் வாளி வராத வீடியோ ஒன்றுகூடக் கிடையாது. அது அவர் குற்றமில்லை. 1993-இல் அவர் தோளில் ஏற்றிய விஹெச்எஸ் கேமராவின் சுபாவம் அப்படி. முன்னால் தாலி கட்டும் மாப்பிள்ளை, அவருக்குப் பின்னால் பந்திக்கு ஓடும் வாளி, வாளிக்கும் பின்னால் சுவரில் ஏதோ ஒரு கட்சியின் சின்னம், எல்லாம் ஒரே துல்லியத்தில் விழும். சமத்துவம் என்ற ஒன்றை இந்த மாவட்டத்தில் முழு மனதோடு கடைப்பிடித்தது அந்தக் கேமரா மட்டும்தான்.

ஊராருக்கு அதில் குறை எதுவும் இல்லை. யார் வந்தார், யார் வரவில்லை, யார் இரண்டாம் தடவை பாயசம் வாங்கினார் என்று பார்த்துக்கொள்ளத்தானே வீடியோ. பெரியநாயகத்துக்குத்தான் வயிற்றெரிச்சல். அவரிடம் ஒரு சினிமா இருந்தது. கண்டமங்கலத்திலிருந்து தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் பஸ் ஏறும் ஒரு பெண்ணின் கதை. கதை தயார், வசனம் தயார். கேமராதான் தயாராக மாட்டேன் என்றது. இந்தக் கேமராவில் எடுத்தால் அந்தப் பெண் அழும்போது பின்னால் வாளி ஓடும் என்று அவருக்குப் பயம்.

கல்யாணமான புதிதிலிருந்து பவுலின்தான் அவருக்கு லைட் பிடித்தாள். பெண்பிள்ளை ஒருத்தி சுடும் விளக்கைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்பது அன்றைக்கு ஊருக்கு வேடிக்கை.

"இன்னா பெரிநாயகம், பொண்டாட்டியவே கம்பமாக்கிட்டியா?" என்று கேட்பார்கள்.

"கம்பத்துக்காச்சும் தேர்தலுக்குத் தேர்தல் பெயின்ட் அடிப்பாங்கண்ணே" என்பாள் பவுலின். கேட்டவர் சிரித்துக் குலுங்குவார். விளக்கு மட்டும் ஆடாது.

அடுத்து கையடக்க டிஜிட்டல் டேப் கேமரா வந்தது. வாளி இன்னும் பளபளப்பாகத் தெரிந்தது. சினிமா தள்ளிப்போனது. மகள் வெனிலா பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போய், அப்பாவின் சினிமா என்றால் என்னவென்று கேட்கும் வயதுக்கும் வந்துவிட்டாள். "கேமரா வரட்டும்மா" என்பது வீட்டில் ஜெபம் மாதிரி ஆகிவிட்டது. பலன் மட்டும் ஜெபத்தைவிட மெதுவாக வந்தது.

2011-இல் வந்தது. போட்டோ எடுக்கும் டிஎஸ்எல்ஆர் கேமராவிலேயே சினிமாவும் எடுக்கலாம் என்ற செய்தி விழுப்புரத்துக்கு எட்டியதும், எடிட்டிங் கடை வைத்திருந்த பாண்டுரங்கனின் வாசலில் வீடியோக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒன்று பாடி கட்சி, மற்றது லென்ஸ் கட்சி. கேமராவின் உடம்பு, அதாவது பாடி, நல்லதாக வாங்கினால் போதும், எந்த லென்ஸும் சரி என்றது முதல் கட்சி. பாண்டுரங்கன் இரண்டாவது கட்சிக்குத் தலைவர், பொருளாளர், கொள்கை பரப்புச் செயலாளர்.

"பாடி வருசத்துக்கு ஒண்ணு புதுசு வரும் நாயகம். லென்ஸுதான் நெலைக்கும். லென்ஸு பொண்ணு மாதிரி, பாடி சீரு மாதிரி. பொண்ணப் பாத்து கட்டிக்கினு வா. சீரு வந்தா வரட்டும், வராங்காட்டி போவட்டும்."

"கேமராவோட ஒரு ஜூம் லென்ஸு தர்றானே, அது போதாதா?"

"அது கல்யாணத்துக்கு. அதுல வாளி தெரியும்."

பாண்டுரங்கன் ஒரு சின்ன லென்ஸை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். ஐம்பது எம்எம். ஜூம் கிடையாது, கிட்டே போகவேண்டுமென்றால் நடந்துதான் போகவேண்டும். வெளிச்சம் புகும் அதன் வாயை முழுக்கத் திறந்துவைத்தால் முன்னால் இருப்பது ஒன்று மட்டும் தெளிவாக விழும், பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோகும். பெரியநாயகம் அதை மாட்டி, பாண்டுரங்கனைப் பார்த்தார். பாண்டுரங்கனின் மீசையில் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. பின்னால் டீக்கடை இல்லை, போஸ்டர் இல்லை, தொங்கும் கேபிள் ஒயர் இல்லை. அங்கங்கே கலர் கலராக வட்டங்கள் மிதந்தன.

"ஊரு எங்கப்பா போச்சு?" என்றார்.

"ஊரு போயிடுச்சு. நான் மட்டும் இருக்கேன்."

பெரியநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பாண்டுரங்கனின் முகத்தைப் பார்த்து அழுத முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

மாதாகோயிலில் ஞாயிறு பூசை முடிந்த கையோடு படப்பிடிப்பு என்று ஏற்பாடு. கதாநாயகி அருணா, விழுப்புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்ப்பவள், அவளுக்கும் ஞாயிறுதான் லீவு. கூட்டத்துக்கு ஆள்? அதுதான் பவுலின். பகல் வெளிச்சத்தில் எடுப்பதால் லைட் பிடிக்கும் வேலை அவளுக்கு இல்லை. கண்டமங்கலம் பஸ் ஸ்டாப்பில் கூடையோடு நிற்பவள், கண்டாச்சிபுரம் சந்தையில் மல்லாட்டைக் கடலைக்குப் பேரம் பேசுபவள், புதுச்சேரி ரோட்டில் வண்டிக்குக் காத்திருப்பவள், எல்லாரும் பவுலின்தான். புடவை மட்டும் மாறும். அந்தச் சினிமாவில் விழுப்புரம் மாவட்டத்தின் மொத்த ஜனத்தொகையும் அவள் ஒருத்திதான்.

"ஏங்க, நான் தெரிவேனா?"

"ஆள் இருக்கறது தெரியும். நீதான்னு தெரியாது."

"அப்ப எதுக்கு பட்டுப்பொடவ கட்டச் சொன்னீங்க?"

"கலரு தெரியும்ல."

"கலருக்கு பொடவைய மட்டும் கொடியில காயப்போட்டிருக்கலாம்" என்றாள் பவுலின். சொல்லிவிட்டு, கட்டிக்கொண்டு போய் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றாள்.

திருவக்கரையில் வக்ரகாளியம்மன் கோயில் வாசலில் ஒரு காட்சி. நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு பக்தையாக நின்றாள். "ஒங்க சர்ச்சு சாமியாருக்குத் தெரிஞ்சா இன்னா சொல்வாரு?" என்று அருணா சீண்டினாள். "ஃபோகஸ்ல இல்லாத ஆளு பாவத்துலயும் இல்லடி" என்றாள் பவுலின்.

பிறகு கல்மரப் பூங்காவுக்குப் போனார்கள். எந்தக் காலத்திலோ மரமாக இருந்து கல்லாகிப்போன கட்டைகள் வெயிலில் கிடக்கும் இடம். அருணா முன்னால் உட்கார்ந்து, வேலையை விட்டுவிட்டதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தனக்குள் பேசவேண்டும். பவுலின் தூரத்தில், கட்டைகளுக்கு நடுவே நடந்து போகவேண்டும். அருணா வசனத்தை ஆரம்பித்து லேசாக முன்னால் சாய்ந்தாள். அந்தச் சாய்வுக்குத் தக்கபடி பெரியநாயகம் லென்ஸின் வளையத்தைத் திருப்பினார். வியர்த்த விரல் எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டது.

அருணா கரைந்துபோனாள். தூரத்தில் பவுலின் தெளிந்து வந்தாள்.

அவள் நின்றுவிட்டிருந்தாள். எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு சிரிக்கும் வழக்கமான சிரிப்பு இல்லை, தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்துச் சங்கிலி வெயிலில் மின்ன, ஒரு கையால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு. கேமராவின் முதுகில் இருந்த சின்னத் திரையில் பெரியநாயகம் அதைப் பார்த்தார். திருத்தவேண்டிய விரல் ஒரு கணம் சும்மா இருந்தது. அந்தக் கணத்துக்குப் பிறகு டைரக்டர் விழித்துக்கொண்டார்.

"கட்டு! இன்னா பவுலினு? அவ அழுவுற சீனு, நீ பின்னாடி பல்லக் காட்டிக்கினு நிக்கற? ஒரு ஓரமா நடன்னா நடக்கத் தெரியாதா?"

"இல்லீங்க, அங்க வந்து..."

"பேசாத. மொதல்லருந்து போ."

பவுலின் வாயை மூடிக்கொண்டாள். அருணா குனிந்து காலைப் பார்த்துக்கொண்டாள். மெமரி கார்டில் இடம் குறைவாக இருந்தது. பெரியநாயகம் அங்கேயே நின்று, குப்பைத்தொட்டி படம் போட்ட பொத்தானை அழுத்தி, கெட்டுப்போன ஷாட்டை அழித்தார். நிச்சயமாக அழிக்கவா என்று கேமரா கேட்டது. இந்த மாதிரிக் கேள்வியைக் கேட்கும் பண்பு மனுஷரைவிட மெஷினுக்கு அதிகம். ஆமாம் என்றார்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் பவுலின் காய்ச்சல் என்று படுத்தாள். ஊரில் பாதிப் பேர் படுத்திருந்தார்கள். ரத்தத்தில் அணுக்கள் குறைந்துகொண்டே போவதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். "கடைசி சீனு எடுக்கணும்ல, எந்தப் பொடவ?" என்று கேட்டாள். மஞ்சள் என்றார் பெரியநாயகம். அந்த மஞ்சள் புடவையைக் கட்டித்தான் அவளைச் சவப்பெட்டிக்குள் வைத்தார்கள்.

கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் கேட்டு ஃபிளெக்ஸ் கடைக்காரர் போன் செய்தார். "அண்ணே, அண்ணி போட்டோ ஒண்ணு ஜல்தியா அனுப்புங்க." அப்போதுதான் பெரியநாயகம் வீட்டில் படம் தேட ஆரம்பித்தார். கல்யாண கேசட்டில் பூஞ்சை பூத்திருந்தது. கல்யாண ஆல்பம் முந்தின வருஷம் 'தானே' புயலில் கூரையோடு நனைந்து ஒட்டிப்போயிருந்தது. பிரித்தால் இந்தப் பக்கத்து முகம் அந்தப் பக்கத்தோடு போனது. எடுத்த கல்யாணங்கள், காதுகுத்துகள், மாதாகோயில் புதுநன்மைகள் எல்லாவற்றிலும் பவுலின் விளக்கோடு கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஊரில் எல்லாருடைய முகத்தையும் எடுத்துவைத்திருந்த வீட்டில் அந்த ஒரு முகம் இல்லை.

கடைசியில் வாக்காளர் அட்டைதான் கைகொடுத்தது. பள்ளிக்கூட பெஞ்சில் உட்காரவைத்து எடுத்த படம். எடுத்த ஆள் லென்ஸைப் பற்றி ஒரு நிமிஷம்கூடக் கவலைப்பட்டிருக்கமாட்டார். கடைக்காரர் அந்த முகத்தைப் பெரிதாக்கி, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியும் நாலு புறாவும் வைத்தார். நீர்வீழ்ச்சி நல்ல துல்லியம்.

அடக்கம் முடிந்து வந்து வெனிலா அந்தப் பேனருக்கு முன்னால் நின்றாள். பிளஸ் டூ படிக்கிற பெண்.

"இது அம்மா இல்லப்பா. ரேஷன் கடையில சண்ட போட்டுட்டு வந்த மாதிரி கீது. சிரிக்கிற மாதிரி ஒண்ணு வேணும்."

பெரியநாயகம் பேனரின் கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

"ஊருக்கே எடுக்கறியே, ஒண்ணுகூடவா இல்ல?"

பெரியநாயகம் சினிமாவுக்காக எடுத்த ஷாட்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். அருணாவின் இமை மயிர் எண்ணலாம் போல இருந்தது. பின்னால் பச்சையாக ஒன்று, சிவப்பாக ஒன்று அசைந்தது. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது. லென்ஸ் சொன்ன வேலையைச் சரியாகச் செய்திருந்தது. வாளியை மறைக்கச் சொன்னார், மறைத்தது. இதை மறைக்காதே என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை.

"ஒண்ணு இருந்துச்சு" என்றார் மகளிடம்.

இருவரும் கார்டை எடுத்துக்கொண்டு விழுப்புரம் போனார்கள். பாண்டுரங்கன் பவுலினுக்காகக் கடையில் ஓடிய பாட்டை நிறுத்தினார். பிறகு அழிந்ததை மீட்கும் புரோகிராம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டார்.

"அழிச்சதுகூட பரவால்ல நாயகம். அதுக்கப்புறம் இதே கார்டுல இன்னான்னா எடுத்த?"

"மிச்ச சீனு. ரெண்டு வளைகாப்பு."

"அப்ப அது மேலதான் வளைகாப்பு ஒக்காந்துகினு கீது."

ஒவ்வொரு ஷாட்டுக்கும் அதன் தொடக்கத்திலிருந்து தபால்தலை அளவு மாதிரிப் படம் ஒன்றைக் கேமரா தானாக எடுத்துவைக்கும். அது மட்டும் தப்பித்திருந்தது. விரல் தவறுவதற்கு முந்தைய படம். முன்னால் அருணா, தெளிவாக. பின்னால் கல்மரங்களுக்கு நடுவே ஒரு பச்சைக் கறை.

"எதுக்குப்பா அழிச்ச?" என்று வெனிலா கேட்டாள்.

"சிரிச்சா. சீனு கெட்டுப்போச்சுன்னு அழிச்சிட்டேன்."

வெனிலா கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். பாண்டுரங்கன் கம்ப்யூட்டரை அணைக்காமல் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியநாயகம் கடைசிக் காட்சி இல்லாமலே படத்தைக் கோத்து முடித்தார். பவுலின் நடப்பதும் நிற்பதும் உலகத்தில் அதில் மட்டும்தான் மிச்சம் இருந்தது, அதனால். மறுவருஷம் விழுப்புரத்தில் ஒரு திரைப்பட ஆர்வலர் வட்டம், கல்யாண மண்டபம் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் அதைத் திரையிட்டது. சென்னையிலிருந்து ஒரு விமர்சகர் வந்திருந்தார். தாடி இருந்தது, ஆகவே கருத்தும் இருந்தது.

"எல்லாக் காட்சியிலும் பின்னணியில் ஒரு தெளிவற்ற பெண்ணுருவம் வருகிறது. முகமே இல்லை. அது நம் கூட்டு மனசாட்சி என்று நான் வாசிக்கிறேன்" என்றார்.

மனசாட்சி இல்லை, மரணம் என்றார் ஓர் ஆசிரியர். இடப்பெயர்வின் குறியீடு என்றார் இன்னொருவர். மூன்று பேரும் சிறிது நேரம் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் இயக்குநரே சொல்லட்டும் என்று மைக்கைக் கொடுத்தார்கள்.

"அது என் சம்சாரங்க" என்றார் பெரியநாயகம். "கூட்டத்துக்கு ஆளு கெடைக்கல. அதான்."

கூடம் வெடித்துச் சிரித்தது. விமர்சகரும் சிரித்து, "இந்தத் தன்னடக்கம்தான் கலைஞனின் அடையாளம்" என்று கைதட்டினார். முன்வரிசையில் ஒரு இளைஞர் எழுந்தார். "சார், அந்த பேக்ரவுண்டு பிளர் செம. எந்த லென்ஸு?"

"ஐம்பது எம்எம்."

நாலைந்து பேர் செல்போனில் குறித்துக்கொண்டார்கள்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் வண்டிக்காகத் தகப்பனும் மகளும் நின்றார்கள். அந்தக் கார்டைப் பற்றிப் பாண்டுரங்கன் கடைக்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"யப்பா. அந்த ஷாட்டுல அம்மா எப்படி சிரிச்சாங்க?"

பெரியநாயகம் சொன்னார். தலையைப் பின்னால் சாய்த்ததைச் சொன்னார், சங்கிலி மின்னியதைச் சொன்னார், முந்தானையைப் பிடித்த கை வலக்கை என்று சொன்னார். வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்றுகூடச் சொன்னார். வெனிலா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முகத்தில் லேசாக ஏதோ இளகியது.

"எதப் பாத்து சிரிச்சாங்க?"

பெரியநாயகம் வாயைத் திறந்தார். அங்க வந்து, என்று அவள் ஆரம்பித்ததும் பேசாத என்று தான் சொன்னதும் காதில் விழுந்தன.

"தெரிலம்மா" என்றார். "நான் கேக்கல."

வண்டி வந்து நின்றது. கண்டக்டர் திண்டிவனம் திண்டிவனம் என்று பலகையைத் தட்டினார். வெனிலா கண்ணைத் திறந்து, அவர் கையிலிருந்த கேமரா பையை வாங்கிக்கொண்டு, முன்னால் ஏறி இடம் பிடித்தாள்.