காதுமடலில் மச்சாள்

நான் பொறாமைக்காரன் இல்லை என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். அடுத்த வீட்டுக்காரன் புதுக்கார் எடுத்தால் கைகொடுத்து வாழ்த்திவிட்டு வந்து வயிறாரச் சாப்பிடுகிறவன் நான். ஆனால் என் மனைவி தன் தங்கச்சியோடு தொலைபேசியில் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, அதைக் கேட்டால் மட்டும் எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும். முப்பது வருசக் கலியாணத்தில் என்னோடு அவள் அப்படி ஒருநாளும் சிரித்ததில்லை.

தங்கச்சி, அதாவது என் மச்சாள், கோல்டிங் என்ற டெனிஷ் நகரத்தில் இருக்கிறாள். நாங்கள் ஹோர்சன்ஸில். ரயிலேறினால் முக்கால் மணித்தியாலம்கூட இல்லை. ஆனாலும் இரண்டுபேரும் ஏதோ கண்டம்விட்டுக் கண்டம் இருப்பவர்கள்போல நாள்முழுக்கக் கதைப்பார்கள். மனைவிக்கு வீடுவீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிற வேலை. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குச் சயிக்கிளில் போவாள். சயிக்கிளில் ஏறினால் மச்சாளுக்கு அழைப்பு, இறங்கினால் துண்டிப்பு. வேலை முடிந்து வந்து குசினியில் வெங்காயம் உரிக்கத் தொடங்கினால் மறுபடியும். மகள் படிக்கக் கோப்பன்ஹேகனுக்குப் போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டுபேர்தான். சாப்பாட்டு மேசையில் மட்டும் எப்போதும் மூன்றுபேர் இருந்தோம்.

ஒருநாள் நான் பாடுபட்டு நண்டுக்கறி வைத்தேன். மனைவி ஒரு வாய் வைத்துவிட்டு, "சோக்கா வந்திருக்கு" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "கொஞ்சம் தேசிக்காய் விட்டனான்" என்று பெருமையாகச் சொல்லத் தொடங்கினேன். அவள் என்னைப் பாராமலே, "ஆனா கழுத்துத்தான் கொஞ்சம் இறக்கமாய்ப் போச்சு" என்றாள். மச்சாள் தைப்பித்த சட்டையின் படம் தொலைபேசியில் வந்திருந்தது. நான் நண்டின் காலைக் கடித்த கடியில் என் பல் போயிருக்க வேண்டும்.

அப்போது அவள் பாவித்தது காதுத் துளையை அடைக்கிற இயர்போன். அதைப் போட்டுக்கொண்டு போகும்போது ஒரு சந்தியில் பாரவண்டி திரும்பியது அவளுக்குக் கேட்கவில்லை. கடைசி நிமிடத்தில் சயிக்கிளோடு புல்லில் விழுந்து தப்பினாள். சரி, இனியாவது தொலைபேசியை விடுவாள் என்று நினைத்தேன். அன்று பின்னேரமே வந்து கேட்டாள்.

"இஞ்சருங்கோ, காதை அடைக்காமல் மடலில கொளுவுறது ஒண்டு இப்ப வருதாமே? றோட்டுச் சத்தமும் கேக்குமாம். விலை குறைஞ்சதாய் ஒண்டு பாத்துத் தாங்கோவன். நீங்கள்தானே இதுகள் தெரிஞ்ச ஆள்."

தெரிந்த ஆள்தான். எங்கள் ஆட்களுக்குள் யார் தொலைக்காட்சி வாங்கினாலும், கணினி வாங்கினாலும் என்னிடம் கேட்காமல் வாங்க மாட்டார்கள். நான் நல்லது என்றால் நல்லது, குப்பை என்றால் குப்பை. அந்தப் பெயரைக் காப்பாற்ற, மலிவு விலையில் மூன்று சோடி தருவித்தேன். பிடிக்காவிட்டால் இரண்டு கிழமைக்குள் திருப்பலாம் என்று போட்டிருந்தது. ஊதா, கறுப்பு, வெள்ளை.

ஊதா முதல்நாளே அவுட். அதன் கிளிப் மனைவியின் தோட்டோடு சண்டை பிடித்தது. தோட்டைக் கழற்றினால் சரிதானே என்றேன். அவள் பார்த்த பார்வையில் ஊதாவைப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். மற்ற இரண்டும் மடலில் அழகாக உட்கார்ந்தன. ஆகவே குரலைச் சோதிக்க வேண்டும். இந்தச் சாதனத்தில் கேட்பவருக்கு எப்படியிருக்கிறது என்பது பாதிக் கதைதான். மறுமுனையில் இருப்பவருக்குக் காற்றுக்குள் குரல் விளங்குகிறதா என்பதுதான் மீதிப் பாதி. எங்கள் யூலன்ட் பக்கத்துக் கடற்காற்றைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்?

மனைவியைச் சயிக்கிளில் துறைமுகப் பக்கம் ஒரு சுற்றுப் போகச் சொன்னேன். நான் வீட்டில் கொப்பியும் பேனையுமாகத் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"இப்ப கதையும்" என்றேன்.

"என்னத்தைக் கதைக்கிறது?"

"ஏதாவது கதையுமன்."

சயிக்கிள் மணியை ஒருதரம் அடித்தாள். பிறகு, "ஒண்டு, ரெண்டு, மூண்டு..." என்று எண்ணத் தொடங்கினாள். நாற்பது வரை எண்ணினாள். பிறகு கடைப் பலகைகளை வாசித்தாள். பிறகு, "காணுமே? வைக்கட்டே?" என்றாள். அவளுக்கு என்னோடு கதைக்க இலக்கங்கள்தான் இருந்தன. நான் கொப்பியில், வெள்ளை: குரல் கண்ணாடிபோல் தெளிவு, மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது என்று எழுதினேன். அடுத்தநாள் அதே வழியில் கறுப்பு. முப்பது வரை எண்ணியிருப்பாள், அதில் பத்துக்கூட எனக்கு வந்து சேரவில்லை. மிச்சமெல்லாம் காற்று.

இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? வெள்ளைதான். கொப்பியை மூடிவிட்டு யன்னலால் எட்டிப் பார்த்தேன். அவள் சயிக்கிளைப் பூட்டிக்கொண்டு நின்றாள். அதற்கிடையில் வெள்ளையை மாற்றிக் கொளுவி மச்சாளுக்கு அழைப்பு எடுத்துவிட்டாள்! தலையைப் பின்னால் சாய்த்து, சயிக்கிள் இருக்கையில் கையால் அடித்து அடித்துச் சிரித்தாள். எனக்கு இலக்கம், மச்சாளுக்குச் சிரிப்பா? எரிச்சலில் என் காதெல்லாம் சூடாகியது.

உள்ளே வந்தவளிடம், "கறுப்புத்தான் திறம்" என்றேன்.

"வெள்ளை?"

"அதுக்கு சார்ஜ் நிக்காது. கறுப்பில பாட்டுக் கேட்டாலும் நிரப்பமாக் கேக்கும். ஹெல்மெட் வாரிலையும் முட்டாது."

எல்லாம் உண்மை. ஒரு பொய்யும் சொல்லவில்லை. மைக் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. கறுப்பைப் போட்டவருக்கு மறுமுனையின் குரல் மணிமணியாகக் கேட்கும். ஆகவே குற்றம் சாதனத்தில் என்று அவளுக்குத் தெரியவே வராது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஊதாவைத் திருப்பி அனுப்பினேன். வெள்ளையையும் அனுப்பப் போகிறேன் என்று சொல்லி என் வேலைப் பைக்குள் வைத்தேன்.

வேலை செய்தது. "என்னடி? இல்லையடி, காத்து... காத்து எண்டு சொல்லுறன்... சரி விடு, பிறகு எடுக்கிறன்." குசினியில் புகையுறிஞ்சி விசிறி ஓடினாலும் அதே கதைதான். முதல் கிழமையில் அழைப்புகள் குறைந்தன. இரண்டாம் கிழமையில் கறுப்பு அவள் காதிலேயே ஏறவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே புழுகமும் பூரிப்பும்.

அன்று மாலை மேசையில் முதல் தடவையாக நாங்கள் இரண்டுபேர் மட்டும் இருந்தோம். நான் காத்திருந்தேன். அவள் புட்டைப் பிசைந்து சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். "சம்பல் வைக்கட்டே?" என்றாள். "காணும்" என்றேன். பிறகு நான் செய்தி பார்க்கப் போனேன். அடுத்தநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். கதைக்க இப்போது ஆளில்லை, தானாக என்னிடம் வருவாள் என்று நினைத்தேன். அவள் வரவில்லை. சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிவிட்டு, கையைத் துடைத்தபடி கொஞ்சநேரம் கதவடியில் நிற்பாள். பிறகு அறைக்குப் போய்விடுவாள். நான் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி செய்திக்குள் போவேன்.

இதற்குள் பொறாமை வேறு இடத்துக்குத் தாவியது. ஒருநாள் சுப்பர்மார்க்கெட்டில் காசு வாங்குகிற டெனிஷ் பெண்ணோடு அவள் மழையைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தாள். மழையைப் பற்றி! அந்தப் பெண்ணைப் பார்த்தும் எனக்கு எரிந்தது. வீடுவீடாகப் போகிறாளே, அந்தக் கிழவர்களோடும் இப்படித்தான் சிரித்துக் கதைக்கிறாளோ என்று வேலையில் நின்று யோசித்தேன். யோசித்த யோசனையில் நான் பொதி செய்த பெட்டியில் தவறான முகவரிச் சீட்டை ஒட்டி, மேற்பார்வையாளரிடம் பேச்சும் வாங்கினேன்.

அவள் கறுப்பைக் கழற்றி வைத்து ஒரு மாதமாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை முற்பகல் அவள் கட்டிலில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். அந்த அமைதி என்னால் தாங்க முடியாததாக இருந்தது. பைக்குள்ளிருந்து வெள்ளைப் பெட்டியை எடுத்துக்கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன்.

"இதுதான் நல்லது" என்றேன். "கறுப்பில நீர் கதைக்கிறது மற்றப் பக்கம் விளங்காது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னனான்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவள் துவாயின் நான்கு மூலையையும் சரிபார்த்து மடித்தாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்பிடி?"

"உங்களோட எண்ண முதலே ரெண்டையும் போட்டு அவளோட கதைச்சுப் பாத்திட்டன். கறுப்பில ஒரு கோதாரியும் விளங்கேல்லை எண்டு அண்டைக்கே சொல்லிப்போட்டாள்."

நான் கட்டிலைச் சுற்றி அவள் பக்கம் போனேன். "பிறகேன் வாங்கிப் போட்டனீர்? வெள்ளையைத் தாங்கோ எண்டு கேட்டிருக்கலாமே?"

"உங்களுக்கு என்னோட கதைக்க விருப்பமாக்கும், அதுதான் இந்த விளையாட்டு விடுறியள் எண்டு நினைச்சன். எனக்குச் சந்தோசமாக்கூட இருந்தது." அவள் அடுத்த துவாயை எடுத்தாள். "ஒரு மாசமா ரெண்டு காதையும் உங்களுக்கெண்டு வெறுமையா விட்டு வைச்சன். நீங்கள் என்னட்டை ஒரு கேள்வி கேட்டனீங்களே? இண்டைக்கு எங்கை போனனீர், ஆரைப் பாத்தனீர், களைப்பாயிருக்கோ எண்டு? ஒண்டு?"

நான் யோசித்துப் பார்த்தேன். அவள் காலையில் முதலில் போகிற வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அங்கே இருப்பது கிழவனா கிழவியா என்றும் தெரியாது. மச்சாளுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். இப்போதாவது கேட்கலாம் என்று வாயெடுத்தேன். எதில் தொடங்குவது என்று விளங்காமல் நின்றேன்.

அவளும் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்து வெள்ளையை மடலில் கொளுவித் தங்கச்சியை அழைத்தாள். காதைத் திறந்துவிடுகிற இந்தச் சாதனங்களில் ஒலி கொஞ்சம் வெளியிலும் கசியும். மறுமுனையில் எடுத்த கையோடு மச்சாள் கேட்டது எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"அக்கா, சாப்பிட்டிட்டியே?"